கோரிப்பாளையத்தில் முக்குளிப்பு

40 மீட்டர் ஆழம் தாங்கும் கேமரா உறை வாங்கியவர்கள் அந்தமானுக்கு டிக்கெட் போடுகிறார்கள். விவரமானவர் சித்ரா பௌர்ணமிக்கு மதுரைக் கோரிப்பாளையம் வந்தால் போதும். அணையைத் திறந்துவிட்டாலும் வைகையில் முக்குளிக்கும் ஆழம் அநேகமாக இருக்காது. ஆனால் கள்ளழகர் ஆற்றில் இறங்கியதும் தோப்பறை எனும் தோல் பை சுமந்த பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர் எட்டுத் திசையிலிருந்தும் வரும். கடலிலாவது மீன்கள் லென்ஸைக் குறிபார்ப்பதில்லை.

உறையைக் காப்பது மூடியிலுள்ள ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டினால் போதும், தண்ணீர் உள்ளே குடிவந்துவிடும். ஆற்றில் மணலோடு பூவிதழும் சர்க்கரையும் இலவசம். அனுபவப்பட்ட படக்காரர்களோ ஒரு பாலித்தீன் பையையும் ரப்பர் பேண்டையும் நம்பியே காலத்தை ஓட்டுகிறார்கள்.

எனவே, கடலுக்குப் போகுமுன் வளையத்தைத் துடைத்து, லேசாகச் சிலிக்கான் கிரீஸ் தடவி, கேமரா வைக்காத வெற்று உறையை முதலில் நனைத்துப் பாருங்கள். அழகரிடம் தேறாதது அந்தமானிலும் தேறாது.