கொல்லைப்புறச் சோம்பலின் மேன்மை

பறவை பார்க்கத் தொலைநோக்கி வேண்டும், விடியலில் எழும் வைராக்கியம் வேண்டும் என்பார்கள். காட்டுக்குப் போகிறவருக்கு அது சரி. கொல்லையில் கூடு கட்டும் பறவைகளைப் பார்க்கச் சோம்பல் ஒன்றே போதும். சாட்சிகளைக் கூப்பிடுவோம். தேன்சிட்டு தன் தொங்குகூட்டைச் சிலந்தி நூலால்தான் பிணைக்கிறது. ஒட்டடை அடிக்காத வீடு அதற்குக் கட்டுமானப் பொருள் கிடங்கு. கூட்டின்மேல் மரப்பட்டைத் துணுக்கையும் புழு எச்சத்தையும் ஒட்டி, ஏதோ குப்பை தொங்குவதாக ஊரை நம்பவைக்கும். குப்பையைக் கண்டதும் துடைப்பம் எடுப்பவர் வீட்டில் இந்தத் தந்திரம் பலிக்காது. தையல்சிட்டு, நாம் கழிக்காமல் விட்ட செடியின் அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சும் நாரும் கொண்டு தைத்துக்கொள்ளும். கொண்டைக்குருவிக்கோ, நாளைக்கு வெட்டலாம் என்று போன வருஷமே தள்ளிப்போட்ட செம்பருத்திப் புதர் போதும். ஆக, மூன்று குடித்தனங்களும் நடப்பது நாம் செய்யாமல் விட்ட வேலைகளின் புண்ணியத்தில்.

கொசு வருமே, பாம்பு வருமே என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும். நியாயமான குரல்தான். ஆனால் சோம்பலிலும் தராதரம் உண்டு. கொசுவுக்கு வேண்டியது தேங்கிய தண்ணீர். பாம்புக்கு வேண்டியது எலியும் செங்கல் குவியலும். சிரட்டையைக் கவிழ்த்து, செங்கலை அப்புறப்படுத்திவிட்டு, மிச்ச வேலையை நிம்மதியாகச் செய்யாமலிருக்கலாம்.

சும்மா இருந்தால் போதுமா, உதவ வேண்டாமா என்பார்கள் நல்ல மனசுக்காரர்கள். கூட்டுக்கு அவர்களால்தான் ஆபத்து. படமெடுக்க மறைக்கும் இலையை ஒதுக்குவார்கள். அந்த இலைதான் கூரை. மனித வாடை பட்டால் தாய் குஞ்சைக் கைவிட்டுவிடும் என்பது கட்டுக்கதைதானே என்றும் கேட்பார்கள். கட்டுக்கதைதான். ஆனால் நாம் அடிக்கடி எட்டிப் பார்க்கும் இடத்தை மதில்மேல் காக்கையும் குறித்துக்கொள்கிறதே! 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டைக் கணக்கிலேயே சேர்க்கிறது. சோம்பேறியோ சட்டம் படிக்காமலே சட்டப்படி நடக்கிறார்.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு ஏய்க்கிறதே, அதையும் பார்த்துக்கொண்டிருப்பதா? அந்தக் காக்கைதான் கொண்டைக்குருவியின் முட்டையைத் தின்றது என்றால் யார் பக்கம் நிற்பது? இவ்வளவு சிக்கலான வழக்கில் வாய்தா கொடுத்துக்கொண்டே போவதுதான் நல்ல நீதிபதிக்கு அழகு. அதற்குள் குஞ்சுகளும் பறந்துவிடும்.