சுயவிருப்பத்துடன்

எங்கள் ஆபீஸில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் ஆற்றின் பெயர். காவிரியில் கிளையன்ட் கால், வைகையில் பிறந்தநாள் கேக். தாமிரபரணியில் மட்டும் யாரும் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆட்களைத் தலைமுழுகும் துறை அது. ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். விஷயம்: 'சும்மா ஒரு பேச்சு'.

மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு தாள். அழுகைக்கு பட்ஜெட் உண்டு, நஷ்டஈட்டுக்குத்தான் இல்லை. 'சொந்தக் காரணங்களுக்காக, என் சுயவிருப்பத்துடன் ராஜினாமா செய்கிறேன்' என்று தாள் சொன்னது. என் சொந்தக் காரணம் எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்து, டைப் அடித்து, எழுத்துப்பிழை பார்த்து வைத்திருந்தார்கள்.

"நல்ல பேக்கேஜ் சார்" என்றது எச்.ஆர். பெண். இரண்டு மாத அடிப்படைச் சம்பளம், கிராஜுவிட்டி, மிச்ச லீவுக்குப் பணம். ஐந்து வருடம் முடித்தவன் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி கொடுத்தே ஆகவேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் ஒன்பது வருடம் முடித்தவன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனையாவது மன்னிக்கலாம். இவர்கள் பிள்ளையாரின் தேங்காயையே எடுத்துப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, அவரிடமே நன்றியும் கேட்கிறார்கள்.

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்றது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அந்த 15 நாள் அப்படியே இருக்கிறது. ஆனால் ராஜினாமா செய்தவனுக்கு இதில் ஒரு பைசா கிடையாது. 'சுயவிருப்பம்' என்ற சொல்லின் விலை அதுதான்.

கேட்டால், இந்தச் சட்டமெல்லாம் தொழிலாளிக்குத்தானாம். நான் தொழிலாளியே இல்லையாம், 'டெக்னிக்கல் லீட்'டாம். எனக்குக் கீழே ஈ காக்கை கிடையாது. ஒரு நாள் லீவுக்கு நாலு பேரிடம் கையேந்த வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் அதை எழுப்ப என்னைத்தான் எழுப்புவார்கள். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கின்றன. அது தெரிந்துதான் இவர்கள் எவனையும் நீதிமன்றம்வரை போகவிடுவதில்லை.

2017-இல் டெக் மகிந்திராவில், 'நாளைக் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்' என்று ஓர் ஊழியரை மிரட்டிய பேச்சு ஒலிப்பதிவாக வெளியே வந்தது. ஆனந்த் மகிந்திராவே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்கள் கம்பெனியும் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது: தாமிரபரணிக்குள் இறங்குமுன் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

"ஆட்குறைப்புன்னே எழுதிக் குடுங்க" என்றேன்.

"டெர்மினேட்னு போட்டா உங்க கரியர் என்ன சார் ஆகும்? அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல வந்து நிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கத்தியை உருவிக் காட்டிவிட்டு, குத்தினால் வலிக்குமே என்று எனக்காக வருத்தப்படுகிற அக்கறை! எட்டு வருடம் நன்றாக இருந்த என் ரேட்டிங் போன மாதம்தான் நோயில் விழுந்திருந்தது. நாலு மணிக்கு லாகின் போய்விடும் என்றார்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றேன், வெளியே எடுத்துப்போகக் கூடாதாம். வீட்டுக்கடன் ஐந்தாம் தேதி.

பேரம் பேசினேன். இரண்டு மாதத்தை மூன்றாக்கினேன். கொத்தமல்லிக்குக் கொசுறு வாங்கியவனின் பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிய செக்யூரிட்டி அண்ணன் ஒருவர்தான் அன்று என் முகத்தைப் பார்க்கக் கூசினார். வீட்டுக்கு வந்தபிறகுதான் கணக்கு உறைத்தது: வருடத்துக்கு அரை மாதம் என்று ஒன்பது வருடத்துக்கு நாலரை மாதம், நோட்டீஸ் ஒரு மாதம். என் கையெழுத்து இல்லாமல் அவர்களால் இதை அழித்திருக்க முடியாது. அந்த அறையில் அவர்கள் கையில் இல்லாத ஒரே பொருள் அதுதான். அதைத்தான் மூன்று மாதத்துக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறேன், மடையன்.

உங்களையும் ஒருநாள் ஏதாவதொரு ஆற்றுக்குக் கூப்பிடுவார்கள். பேனாவைத் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-இலேயே தமிழக அரசு சொல்லிவிட்டது. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே மெட்ரோ நிற்கும்.