மேற்பார்வை வருகுது!

வன்னியில் ஒரு பாடசாலை திருந்த நிதி வேண்டாம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக் குழு வருகிறதென்று ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கிளிநொச்சியோ துணுக்காயோ, மறுநாளே மதிலுக்கு வெள்ளை, ஆசிரியர் கையில் பாடக்குறிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் வருவோரும் அன்று மணி அடிக்கமுன் கையொப்பமிடுவர். ஆய்வுகூடப் பூட்டுத் திறபடும். பெட்டி பிரிக்காத நுணுக்குக்காட்டியைப் பிள்ளைகளோடு சேர்ந்து விஞ்ஞான ஆசிரியரும் முதன்முதலாகப் பார்ப்பார்.

சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ‘திருப்தி’ என்று விழுந்துவிட்டால், தவணைக் கூட்டத்தில் பாண்ட் வாத்தியம், மாலை, அதிபரின் நீண்ட உரை. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பியபோதுகூட இத்தனை தோரணம் கண்ட ஞாபகமில்லை. கணித ஆசிரியர் வெற்றிடம் மட்டும் அப்படியே.

குழுவினரே, அடிக்கடி வாருங்கள். சொல்லாமல் வாருங்கள்.