நாகம் நெளியும் திரை

கேள்வி: ராஸ்பெரி பை சிறுகணினியை வைத்து வீட்டிலேயே அலைவுகாட்டி செய்யலாமா? (உயர்தரப் பௌதிக மாணவன், நயினாதீவு)

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. ஆனால் ராஸ்பெரி பைக்கு 0, 1 இரண்டும்தான் தெரியும். ஏறியிறங்கும் மின்னழுத்தம் புரியாது. நயினாதீவுக்கு வரக் குறிகட்டுவான் துறையில் நிற்பவருக்குப் படகு மாதிரி, நடுவில் ஒரு மாற்றிச் சில்லு வேண்டும். எம்.சி.பி. 3008 போதும்: 8 வழி, 10 பிற், அதாவது 1,024 படிகள். அதை 3.3 வோல்ற்றிலேயே ஓட்டும். 5 வோல்ற் ஏறினால் பையின் கால் கருகிவிடும். பையை இயக்கும் லினக்ஸ் இடையிடையே வேறு வேலை பார்க்கப் போய்விடும், ஆகவே வேகமான அலைகள் தப்பிவிடும். ஒலியலை அகப்படும். டில்லி ஆய்வுகூடமொன்றில் பிறந்த எக்ஸ்பைஸ் கருவியையும் பாரும், மாணவருக்கென்றே செய்த அருமையான வேலை அது. 230 வோல்ற் பிளக் பொயின்ற்றில் மட்டும் கைவைக்காதேயும்! மைக்கும் சிறு பெருக்கியும் பூட்டி, நாகபூசணி அம்மன் கோயில் நாதஸ்வரத்தைக் கேட்கவிடும். திரையில் நாகம் நெளியும்.