உறையில் இல்லாத பெயர்

1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த பிறகு, மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவனுக்கு ‘இளைய நிலா’தான் பரீட்சை. பிட்டுகளை ரெக்கார்டில் இருப்பதுபோலவே வாசித்தால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள். ஒரு நோட் பிசகினால் மணலில் உட்கார்ந்து கேட்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

பாட்டு எடுப்பதென்றால் கேசட்டிலிருந்து எடுப்பதுதான். ரெண்டு செகண்ட் ஓடவிட்டு, நிறுத்தி, ரிவைண்ட் செய்து, மறுபடியும். எங்கள் டேப் ரிக்கார்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். பாட்டு எந்தக் கட்டையிலும் நிற்காமல் ரெண்டுக்கும் நடுவில் கிடக்கும். முதலில் கம்பிகளை டேப்போடு சேர்த்து முறுக்கி, பிட்டைப் பிடித்த பிறகு ஆர்மோனியச் சுருதிக்கு இறக்கிக்கொள்வோம். நாலு பாருக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். ஆனால் அப்படிக் கேட்டதில்தான் பாடகரின் குரலுக்குப் பின்னால் இருப்பவர்கள் காதில் விழுந்தார்கள். கிட்டார் ஏறும்போது பேஸ் ஒதுங்கி வழிவிடுவது, தபேலாக்காரர் பல்லவிக்குத் திரும்புமுன் ஒரு அடியைத் தள்ளிப்போடுவது, எல்லாம். ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்தக் கேசட் உறையில் கிடையாது. அந்தக் கிட்டார் ஆர். சந்திரசேகருடையது என்று எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. அவருடைய விரலை நகலெடுத்துத்தான் என் வீட்டில் அரிசி வாங்கினோம். அவர் பெயரை மேடையில் ஒருமுறையாவது சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போனது பெரிய அநியாயம்.

இப்போது என் தங்கை மகனும் அவன் கூட்டாளிகளும் பழைய பாட்டுகளை எடுத்து ஒரு கவர் ஆல்பம் செய்கிறார்கள். கம்பெனி எதுவும் பின்னால் இல்லை, எல்லாரும் தனியாக இசை செய்கிற பிள்ளைகள். பாடுகிற பெண் கோவையில், டிரம்ஸ் பெங்களூரில். கிளிக் டிராக் ஒன்றை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, அவரவர் அறையில் வாசித்து டிரைவில் ஏற்றுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாட்டு சேர்ந்துவிடுகிறது. ‘இளைய நிலா’வுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆசையாகப் போய் அதே பிட்டை வாசித்தேன்.

“மாமா, அது வேண்டாம். கேக்கிறவங்க மனசுல அது தானா ஓடும். நீங்க அதுக்குப் பதில் சொல்ற மாதிரி வாசிங்க” என்றான்.

இப்படி ஒரு வார்த்தையை எங்கள் காலத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிட்டு வரவேண்டிய இடத்தில் வெறும் கார்டுகளை மட்டும் மெதுவாக மீட்டினேன். அவன் சொன்னது சரிதான், பழைய கிட்டார் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லாக் கவரும் தேறிவிடாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து எதிரொலியைக் கூட்டிவிட்டால் புதுசாகிவிடும் என்று நம்பிச் செய்தவை நிறைய வருகின்றன. அசலை நாலு பார் நாலு பாராகக் கேட்டவன் செய்தால் அது தனியாகத் தெரியும்.

அன்று அச்சு அசலாக வாசித்த நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவோ, கவர் பதிவு செய்ய முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிய வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டியை முன்னதாகவே கட்ட வேண்டும், தொழில்நுட்பரீதியாகத் தவிர்க்க முடியாததைத் தவிர பாட்டில் கைவைக்கக் கூடாது என்கிறது. மாற்ற வேண்டுமானால் உரிமைக்காரரின் சம்மதம் வேண்டும். எங்களைப் போன்ற நகலாளிகளுக்குப் பொருந்தும் சட்டம், பாட்டோடு பேச விரும்புகிற பிள்ளைகளின் காலத்தில் வந்திருக்கிறது. உரிமையாளருக்குப் பணம் போகட்டும், போக வேண்டியதுதான். ஆனால் கையிலிருந்து அத்தனை பணத்தை முன்னால் வைக்க இவர்களால் முடியாது. சம்மதம் கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருக்கிறார்கள்.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஆல்பத்தின் குறிப்பில் எங்கள் பெயருக்கு மேலே, அசல் பதிவில் வாசித்தவர்களின் பெயர் வர வேண்டும். பிள்ளைகள் உடனே ஒப்புக்கொண்டார்கள். சில பாட்டுகளுக்குப் பெயர் கிடைத்தாயிற்று. மற்றவற்றுக்கு, அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் போய்வந்த பெரியவர்களுக்குத் தினமும் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.