இரட்டைக் கார்டு யோகம்

கோலா கெத்திலில் கேம் விளையாடக் கணினி பூட்டப்போகும் தம்பிமார்களே, கிராபிக்ஸ் கார்டு ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். குத்துவிளக்கையே ஜோடியாக வைக்கிற இனம் நாம்.

கடைக்காரர் தடுப்பார். என்விடியா 2021-லிருந்து, இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் எஸ்.எல்.ஐ.க்குப் புதிய டிரைவர் புரொபைல் போடுவதில்லை, 2022-ல் வந்த 4090-இல் இரண்டு கார்டைக் கோக்கும் வாயிலே கிடையாது என்பார். தன் வியாபாரத்தையே கெடுத்துக்கொள்கிற மனிதர். அவர் பேச்சைக் கேட்கலாமா? பழைய 3090 இரண்டு பிடியுங்கள். 24 ஜிபியும் 24 ஜிபியும் சேர்ந்தால் கேமுக்கு 24 ஜிபிதான். என்ன ஓர் அடக்கம்! பெரும்பாலான புது கேம்கள் இரண்டாவது கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பார்க்காவிட்டால் என்ன, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிகிறதே.

சூடு? கார்டுக்கு 350 வாட், இரண்டுக்கும் 700. ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிடுங்கள். தோட்டத்துப் புகைக்கூடத்தை மூடிவிட்டார்களே என்று தாத்தா இனிப் புலம்பமாட்டார். ஷீட் காய்ந்ததும் ஏர்கோன் போட்டுக்கொள்ளலாம். தெனாகா பில் அப்பா பெயரில்தானே வருகிறது? செம்பனைத் தோட்டத்தில் ஓவர்டைம் இருக்கிறது. அவருக்கும் பொழுதுபோக வேண்டாமா?

இந்தத் தத்துவத்தை அப்படியே கடைப்பிடித்த ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணினி ஜகஜ்ஜோதியாக எரிந்தது. தம்பி பாயில் படுத்துக் கைப்பேசியில் மொபைல் லெஜன்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

“கம்ப்யூட்டர் எதுக்குத் தம்பி ஓடுது?”

“போன் சார்ஜ் ஏறுது அண்ணே.”