அமைதி காக்காத கணினி: ஆணைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாவட்ட நூலக ஆணைக்குழு. (மாவட்டத்தின் பெயர், எங்கள் நூலகர் அம்மாவின் நலன் கருதி விடப்பட்டுள்ளது.)

பொருள்: கிளை நூலகம் – கணினி – விசிறி – இரைச்சல் – தூசி தட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: பெட்டியின் உள்ளே இதுவரை யாரும் பார்க்கவில்லை.

ஐயா / அம்மையீர்,

எங்கள் கிளை நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை நூலகரின் மேசைக்கு நேர் மேலே தொங்குகிறது. அதற்கு நேர் கீழே தாங்கள் வழங்கிய கணினி இருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்தியதும் சாதுவாகத்தான் எழும். நாளிதழ் படிக்க வந்தவர்கள் தலைப்புச் செய்தியைத் தாண்டுவதற்குள் மாவு மில் ஓடத் தொடங்கிவிடும். பிறகு சாயங்காலம் பூட்டும்வரை ஓய்வில்லை. கரண்ட் போனால்தான் எங்களுக்கு அமைதி.

விதியை மீறும் மனிதர்கள் இங்கே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாளிதழைச் சற்றுச் சடசடவென்று மடித்ததற்கு நூலகர் அம்மா கண்ணாலேயே கண்டித்தார். செல்பேசி அதிர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இட ஒதுக்கீடு செய்துகொண்டுவிட்டார்கள்: கணக்குப் போடுகிறவர்கள் கடைசி ஜன்னலோரம், நடப்பு நிகழ்வு நடுவில், படித்ததைத் திருப்பிப் பார்ப்பவர்கள் கணினி அருகில். காது சற்று மந்தமான பெரியவர் ஒருவருக்குக் கணினியை ஒட்டிய நாற்காலி போட்டியின்றிக் கிடைத்திருக்கிறது.

வாசகர் வட்டம் சார்பில் இதுபற்றி முன்பே எழுதினோம். பதிலும் வந்தது, வந்ததே பெரிது, நன்றி. 'மேற்படி கணினி இயங்கு நிலையில் உள்ளதால் பழுதடைந்ததாகக் கருத இயலாது' என்றது முதல் கடிதம். மறுபடி எழுதினோம். 'புதிய கணினி வாங்கக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது. நிதி பெறப்பட்டதும் பழையது கழிவு செய்யப்படும்' என்றது அடுத்தது. ஒரே கணினி, ஒரு கடிதத்தில் பழுதே இல்லாதது, மறு கடிதத்தில் குப்பைக்குப் போக வேண்டியது. வாங்கப் படிவம் இருக்கிறது, கழிக்கப் படிவம் இருக்கிறது. நடுவில் ஒருமுறை துடைக்கத்தான் படிவம் இல்லை. அந்தக் குறையை நிரப்பவே இந்த விண்ணப்பம்.

பெட்டிக்குள் நடப்பது ரகசியம் ஒன்றுமில்லை. வேலை செய்யும் சில்லு சூடாகும். அதன் தலையில் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஹீட்சிங்க், அதன் மேல் விசிறி. விசிறி தள்ளும் காற்று தகடுகளின் இடுக்கில் புகுந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போக வேண்டும். அந்தக் காற்றோடு எங்கள் நூலகத்தின் தூசியும் போகிறது. இது லேசுப்பட்ட தூசி அல்ல. பழைய காகிதத்தின் நார், அட்டைத் துகள், வாசகர் சட்டைப் பஞ்சு, உதிர்ந்த தோல், சாலைப் புழுதி எல்லாம் சேர்ந்தது. விசிறி இதை வஞ்சனையில்லாமல் இழுத்து, தனக்கும் தகடுகளுக்கும் நடுவே மெத்தென்று படியவைக்கிறது. காற்றுக்கு வழி அடைபடுகிறது, சூடு ஏறுகிறது. சூட்டைக் கண்காணிக்கும் மதர்போர்டு, விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்கிறது. வேகமாகச் சுற்றும் விசிறி இன்னும் தூசியை இழுக்கிறது. விசிறியின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்கள் கணக்கு. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

சத்தத்தோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்வோம். சூடு எல்லையைத் தொட்டால் (பல சில்லுகளுக்கு அது 100 டிகிரி செல்சியஸை ஒட்டி) சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு புத்தகம் இருக்கிறதா என்று நூலகர் அம்மா தட்டிவிட்டு, எழுந்து போய், அலமாரியில் தேடி, புத்தகத்தோடு திரும்பி வந்த பிறகு, 'இருக்கிறது' என்று கணினி உறுதிப்படுத்துகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்து. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது நான்காவது. நூலகத்தை வளரும் உயிராகப் பார்ப்பது ஐந்தாவது. எங்கள் கிளையில் ஐந்தாவது விதி கணினிப் பெட்டிக்குள் மட்டும் முழுவீச்சில் அமலில் இருக்கிறது.

கணினியைக் கவனிக்காமல் விட்டோம் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம் உண்டு. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் விபூதிப் பட்டையும் உண்டு. அந்த விபூதி உலர்ந்து உதிர்ந்து, பக்கத்துத் துளைகள் வழியாக எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. தூசி படாமலிருக்கத் தைத்த ரெக்ஸின் உறையும் இருக்கிறது. கணினி ஓடும்போதும் அது பாதி மூடியேதான் கிடக்கும். முழுக்கக் கழற்றினால் காணாமல் போய்விடுமாம். இருப்புப் பதிவேட்டில் உறைக்குத் தனி எண் இருக்கிறது. பெட்டியோ தரையில், துடைப்பம் வீசும் உயரத்தில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சூடான காற்று வெளியேற வேண்டிய வழி அந்த முதுகில்தான் இருக்கிறது. புதிய கணினி வந்தாலும் அதே தரை, அதே உறை, அதே சுவர்தான். இன்னும் சில ஆயுத பூஜைகள் போனால் அதுவும் ஊளையிடும். தாங்கள் இன்னொரு கருத்துரு அனுப்புவீர்கள்.

பிறகு ஏன் யாரும் திறக்கவில்லை? பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர்: 'கிழித்தால் உத்தரவாதம் செல்லாது.' உத்தரவாதம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் பணி நீட்டிப்பில் இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அனுப்பிய தம்பி ஒருவர் வந்து, பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். சத்தம் தணிந்தது. படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் பைக் தெருமுனை திரும்புவதற்குள் சத்தம் திரும்பிவிட்டது. அவர்மேல் குறையில்லை. "தூசி தட்டுறது அக்ரிமென்ட்ல இல்லீங்க சார்" என்று அவரே சங்கடத்தோடுதான் சொன்னார். நூலகர் அம்மாவையும் சொல்ல முடியாது. அவர் திறந்து துடைத்து, மறுநாள் வேறெதனாலோ கணினி நின்றுபோனால், விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணை அவர் பெயருக்குத்தான் வரும். சத்தத்துக்கு இங்கே யாரும் பொறுப்பில்லை. சுத்தத்துக்குத்தான் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுப்பை வாசகர் வட்டத்திடம் கொடுங்கள். கோப்பில் சேர்க்க வசதியாக, செய்யப்போவதை முன்கூட்டியே எழுதித் தருகிறோம். கணினியை முறைப்படி அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, மிச்சமுள்ள மின்சாரம் வடியப் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்போம். பெட்டியை வாசல் வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போவோம். உள்ளேயே ஊதினால் தூசி அலமாரிகளுக்கு மாறுதலாகிப் போய், மெல்ல மறுபடி இங்கேயே வந்து பணியில் சேரும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே உள்ளே கை வைப்போம். விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் ப்ளோயரால் ஊதுவோம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கடைகளிலேயே சிலர் விசிறியைக் கண்மண் தெரியாமல் சுழலவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அதற்குரிய வேகத்தைத் தாண்டிச் சுழன்றால் பேரிங் கெடும். காற்று புகாத இடுக்குகளில் உலர்ந்த பெயின்ட் பிரஷ். வாயால் ஊத மாட்டோம், எச்சில் படும். வீட்டு வாக்குவம் கிளீனரை மதர்போர்டின் பக்கம் விட மாட்டோம், அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் திருகாணியைத் தொடவே மாட்டோம். வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வெளியிலிருந்து ஊதுவதோடு சரி. ஹீட்சிங்கைக் கழற்ற நேர்ந்தால், பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்துத்தான் திரும்ப மாட்டுவோம்.

தூசி போன பிறகும் கரகரவென்று அரைத்தால், அது காற்றின் இரைச்சல் அல்ல, தேய்ந்த பேரிங். அப்போது விசிறியை மட்டும் மாற்றினால் போதும். சில நூறு ரூபாய்தான். வாசகர் வட்டமே வாங்கித் தரும். ஒரு விசிறிக்காக முழுக் கணினியைக் கழிவு செய்ததற்குத் தணிக்கையில் பதில் எழுதும் சிரமம் தங்களுக்கும் மிச்சம்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ், நாங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகத் தங்களிடம்தான் வருகிறது. அதில் ஒரு பைசாவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, வாசகர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. சாவியோடு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க நூலகர் அம்மா சம்மதித்துவிட்டார், எழுத்துமூலம் உத்தரவு இருந்தால் மட்டும்.

ஆகவே, 'அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரே ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவைக்க வேண்டுகிறோம். தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் குறிப்புரைக்காகத் தங்கள் கணினிப் பிரிவுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அங்கே இதைவிடப் பெரிய சத்தம் என்று கேள்வி.

இப்படிக்கு,
கணினிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரும் உறுப்பினர்

இணைப்பு: பெயின்ட் பிரஷ் – 1 (2 அங்குலம், புதியது). இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.